பதில் வராத பொங்கல்

லண்டனில் என் வாடகை அறைக்கு வாய்த்தது கரண்ட் அடுப்பு. பொத்தான் பக்கம் ஒரு சொட்டு வழிந்தாலும் கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிடும். பால் பொங்கி வழிவதுதான் பொங்கல் என்று அதற்கு யார் சொல்வது? அன்று காலை இரண்டு தடவை அணைந்தது. இரண்டு தடவையும் பாலைக் கொட்டி, துடைத்து, புதுப் பால் ஊற்றினேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் பால் ஒழுங்காகப் பொங்கிவிட்டால் அப்பா பிழைத்துவிடுவார் என்று மனதுக்குள் பந்தயம் கட்டியிருந்தேன்.

அப்பா மூன்று வாரமாகத் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் ஒரே மகன். என் விசா நீட்டிப்பு விண்ணப்பம் முடிவாகாமல் இருந்தது. நடுவில் நாட்டை விட்டுக் கிளம்பினால் அது ரத்தாகும், வேலையும் போகும். வரவா, இருக்கவா என்று தினமும் அக்காவின் உயிரை எடுத்தேன். "அவசரப்படாதப்பு. நல்லாத்தான் இருக்காரு. நீ வந்து என்ன பண்ணப் போற?" என்பாள். அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்பது எனக்கே தெரியும். கடைசி நாலு நாளாக, அப்பாவிடம் போனைக் கொடு என்றால் "தூங்குறாரு" என்றாள். வீடியோவில் காட்டு என்றால், ஆஸ்பத்திரிக்குள் டவர் இல்லை என்றாள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

சொந்த ஊரான எரியோட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பானை பொங்கும்போது அடுப்பருகில் நிற்பவர் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த வேண்டும். வீட்டில் யார் எந்த மூலையில் இருந்தாலும் பதிலுக்குக் கத்த வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் தப்ப முடியாது. அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டே கத்துவார். நான் லண்டன் வந்த பிறகு போனிலும் இதை விடவில்லை. ஒரே ஒரு வருடம்தான் யாரும் கத்தவில்லை. அது பெரியப்பா இறந்த வருடம். கேதம் விழுந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் பானை ஏறாது, வாசலில் கோலமும் கிடையாது.

மூன்றாம் தடவை பாலை ஏற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். வீட்டில்தான் இருந்தாள். நுரை ஏறியது, பொத்தான் இல்லாத பக்கமாக வழிந்தது. அடுப்பு அணையவில்லை. தொண்டை கிழிய "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினேன்.

பதில் வரவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் நிறைய இருப்பது தெரிந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அக்கா, கத்துக்கா."

"பால் நல்லாப் பொங்குச்சாப்பு?" என்றாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

"அக்கா, வாசல்ல கோலம் போட்டிருக்கியா?"

"போடலப்பு."

பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். "நாலு நாளாச்சு. சொன்னா நீ அம்புட்டையும் விட்டுட்டு ஓடியாந்துருவேன்னு, சொல்லக் கூடாதுன்னு அப்பாதான் எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு. உங்க மாமாதான் கொள்ளி வச்சாரு."

பால் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய கையில் நான் கரண்டியைப் பிடித்திருந்தேன்.