மிச்சச் சீட்டுகள்

கிரீஸ் நாட்டுப் பெராமா கப்பல் பட்டறையில் வெல்டர் ஸ்ட்ராடிஸைத் தெரியாதவர் கிடையாது. முரட்டு ஆள். எரிகிற கப்பலின் அடித்தட்டிலிருந்து தன்னைத் தோளில் தூக்கி வந்த சக வெல்டர் மாந்தோஸுக்காக உயிரையே கொடுப்பான். மகளுக்கு ஞானத்தகப்பனாகவும் அவனைத்தான் நிறுத்தினான். இருவரும் இருபத்தாறு வருஷமாகச் செங்கொடிக்கே ஓட்டுப் போட்டவர்கள்.

யூரோ நெருக்கடி வந்தது, கப்பல்கள் வரவில்லை. மூன்று வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எந்த மனுஷனுக்குத்தான் புத்தி தடுமாறாது? ஐரோப்பாவே வேண்டாம் என்று கத்திய புதுக் கட்சி ஸ்ட்ராடிஸுக்கு இனித்தது. இந்தத் தேர்தலில் ஓட்டு அவர்களுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டான். மாந்தோஸிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் எங்கள் ஓட்டுச்சாவடியில் எல்லாக் கட்சிச் சீட்டையும் கையில் கொடுப்பார்கள். ஒன்றை உறையில் போட்டுவிட்டு மற்றதைக் கூடையில் எறிய வேண்டும். வெல்டர்கள் எறிய மாட்டார்கள். பின்பக்கம் வெற்றுத் தாள், அளவு குறிக்க ஆகும். வேலையே இல்லாவிட்டாலும் பழக்கம் விடுமா? இருவரும் மிச்சத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்கள்.

புதுக் கட்சித் தடியன்கள் நாலு பேர் மறித்தார்கள். அவர்களின் தலைவன் மாந்தோஸின் பையிலிருந்து தாள்களை உருவினான்.

"நம்ம சீட்டு அப்படியே இருக்கு பாருடா! செங்கொடிதான் காணோம்."

"என் ஓட்டு, என் இஷ்டம். உங்கப்பன்கிட்ட கேட்டுட்டா போடணும்?" என்றான் மாந்தோஸ்.

இரும்புக் கம்பி இறங்கியது. முழங்கை முறிந்தது. அடுத்த அடியில் பல் தெறித்தது. ஸ்ட்ராடிஸ் பாய்ந்து மாந்தோஸின்மேல் குறுக்கே விழுந்தான். முதுகில் சடசடவென்று அடி. தடியன்களில் ஒருவன் ஸ்ட்ராடிஸின் பையைக் கிழித்துத் தாள்களைப் புரட்டினான்.

"ஐயையோ, நிறுத்துங்கடா! அண்ணன் நம்ம ஆளு! நம்ம சீட்டைத்தான் போட்டிருக்காரு!"

தலைவன் இளித்துக்கொண்டே கம்பியை ஸ்ட்ராடிஸ் கையில் திணித்தான். "முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? இந்தாங்க, நீங்களும் ஒண்ணு போடுங்க."

போட்டான். தலைவனின் தாடை பெயர்ந்து தொங்கியது. இன்னொருவனின் முட்டி நொறுங்கியது. மற்றவர்கள் பிடரியில் கால்பட ஓடினார்கள்.

ஸ்ட்ராடிஸ் கம்பியை எறிந்துவிட்டுக் குனிந்தான். "வா மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தொடாதே." மாந்தோஸ் ரத்தத்தைத் துப்பினான். "அவனுங்க கையில கம்பியைக் குடுத்ததே நீதான்டா."

சுவரைப் பிடித்துத் தானே எழுந்தான். ஒடிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு இறக்கத்தில் நடந்தான். அடப்பாவி, அந்த முரட்டு ஸ்ட்ராடிஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் பத்தடி தள்ளி அழுதுகொண்டே பின்னால் போனான். மாந்தோஸ் திரும்பிப் பார்க்கவில்லை.