உப்பு பத்தல
தொண்ணூறுகளில் என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை ஈப்போ போகும்போது அக்கா புருஷனிடம் சாவியைக் கொடுத்தேன். படித்துப் படித்துச் சொல்லியும், மனுஷன் உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். பவளமெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்துச் செத்தது.

"உப்பு பத்தல லா. இவனுக்கு வளர்க்கத் தெரியல" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்து எரிந்தது.

அடுத்த வருஷம் கிள்ளானில் அவரும் ஒரு தொட்டி வாங்கினார், என்னுடையதைவிடப் பெரிசாக. ஒரு நாள் பதறிப்போய் போன் பண்ணினார்.

"பவளம் வெளுக்குது. தினமும் உப்புத் தண்ணிதான் ஊத்துறேன். என்ன பண்றது?"

"உப்பு பத்தல அத்தான்" என்றேன். "இன்னும் போடுங்க."