கவச வீரன் தலையசைத்த நாள்

எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் அது பெரும்பாலும் கவச வீரனால்தான் வரும். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, இந்தியாவிலிருந்து எப்போதோ கப்பலில் வந்த பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். பல்கலைக்கழகச் சோதனைக்குப் படிக்கிற பொடியனுக்கு உதெல்லாம் எதற்கு என்று அம்மா அவற்றை அடுப்பில் வைக்கப் போவார். மாமா பிடுங்கிக்கொண்டு ஓடுவார்.

அந்த வீரனுக்கு முகமே கிடையாது. தலையை மூடிய இரும்புக் கவசத்தில் கண்களுக்கு மட்டும் இரண்டு பிளவு. ஒரு சொல்லும் பேசமாட்டான். அரசனுக்கு ஆள் தேவைப்பட்டால் ஊர் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பார்த்து, தகுதியானவனைக் கண்டதும் தலையை அசைப்பான். ஏழு வயதான எனக்கு மாமா படம் படமாக விரல் வைத்து வாசித்துக் காட்டுவார்.

"அவர் தலையாட்டினால் சும்மாவே? ஆள் நேரே அரண்மனைக்குத்தான், பிள்ளை!"

ஒருநாள் காலை ஆமிச் சிப்பாய்கள் ஜீப்பிலும் லொறியிலும் வந்து ஊரைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் வேப்பமரத்தடியில். ஆண்கள் வெயிலில், வரிசையாக. எங்கள் நாயும் பின்னாலேயே வந்துவிட்டது. தபால்காரரைக்கூடப் படலைக்குள் விடாத நாய் அது. அத்தனை சனம் கூடியிருந்தும் ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஜீப்பிலிருந்து ஒருவனை இறக்கினார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு. கண்களுக்கு இரண்டு ஓட்டை. என் பயம் போன இடம் தெரியவில்லை. இரும்புக்குப் பதில் சாக்கு, அவ்வளவுதான். குளிக்கச் சவர்க்காரமே கிடைக்காத காலத்தில் கவசத்துக்கு எங்கே போவது?

வரிசை நகர்ந்தது. மாமாவின் முறை வந்ததும் கண்ணை மூடிப் பிள்ளையாரை வேண்டினேன். திறந்தபோது சாக்கு அசையாமல் நின்றது. பிறகு மெல்ல மேலும் கீழும் ஆடியது.

"அம்மா, மாமாவை எடுத்திட்டினம்!" என்று துள்ளினேன். அம்மா என் வாயைப் பொத்தினார். மாமாவை லொறியில் ஏற்றினார்கள். அதன் பிறகு நாங்கள் அவரைக் காணவேயில்லை.

லொறி போனதும் எங்கள் நாய் மைதானத்தைக் கடந்து சாக்குக்காரனிடம் சென்றது. ஒரு சிப்பாய் அதை நோக்கித் துவக்கைத் திருப்பினான். நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு சாக்குக்காரனின் காலை நக்கியது. சாக்குக்குக் கீழிருந்து ஒரு கை வந்து, அதற்குப் பிடித்த இடத்தில், இடது காதுக்குப் பின்னால், சொறிந்துவிட்டது.

"எங்கடை நாய்க்கும் அவரைத் தெரியும், அம்மா," என்றேன் பெருமையாக.

"கதையாதை. ஒருத்தரிட்டையும் உதைச் சொல்லாதை."

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், சொந்தக்காரர் வந்தாலும், அம்மா தேத்தண்ணி கொடுக்கும்போது அவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. நாயின் வாலையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்னைவிட நாய்மேல்தான் அம்மாவுக்குப் பாசம் என்று எனக்கு நெடுநாள் பொறாமையாக இருந்தது.