தண்டட்டி தொங்கிய காது

என் அம்மாவின் காதை நான் பொய் சொல்லி அறுத்தேன். பிளாஸ்டிக் சர்ஜன் என்று பலகை மாட்டியிருக்கும் நான், தனியாகக் கத்தி பிடித்த முதல் காது அதுதான்!

திருச்சுழிப் பக்கத்துப் பெண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். தண்டட்டி என்ற கனத்த தங்கக் காதணியின் பாரத்தில் காதுச் சோணை இழுபட்டுத் தோள்வரை தொங்கும். ஊரில் அது அழகு. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் பருத்திக்காட்டில் பாடுபட்டு என்னை மதுரையில் மருத்துவம் படிக்க வைத்தாள். ஒருநாள் விடுதிக்கு வந்தாள். அறைத் தோழன் அவள் காதையே பார்த்தான். "யாருடா?" என்றான். "ஊர்க்காரங்க" என்றேன்... அம்மாவுக்குக் கேட்டதா? இன்றுவரை தெரியாது.

மேற்படிப்புக்கு ஏன் பிளாஸ்டிக் சர்ஜரி என்று கேட்டவர்களிடம், பட்டாசில் கருகும் கைகளுக்காக என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் காது என்னை விரட்டிக்கொண்டே இருந்ததே... அதை யாரிடம் சொல்வேன்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னை டாக்டர் வீட்டில் பெண் நிச்சயமானது. மண்டபத்தில் அம்மா அந்தக் காதோடு நிற்பாளே என்று கூசினேன். சீ, என்ன மகன் நான்!

"தொங்குற சோணையில சீழ் வைக்கும்மா. தலைக்கு ஏறிரும். அறுத்துத் தச்சிருவோம்."

"நீ படிச்சவன்யா. நீ சொன்னாச் சரித்தான்."

கழற்றிய தண்டட்டியை உருக்கி மருமகளுக்கு வளையல் செய்துவிட்டாள். காது அழகாக ஆறியது. சின்னக் கம்மல் போட்டுக்கொண்டு அவள் சும்மா இருந்தாளா? பரளச்சி, எம்.ரெட்டியபட்டி என்று போகிற இடமெல்லாம், "சீழ் வைக்காம எம் மகன் காப்பாத்திட்டான்" என்று சொன்னாள். பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். அருப்புக்கோட்டையில் என் சிறிய மருத்துவமனை அந்தப் பொய்யில்தான் நிமிர்ந்தது. நான் வாயே திறக்கவில்லை!

சில வருடங்கள் கழித்து, பரளச்சிப் பெண் ஒருத்தியை அவள் மகன் அழைத்து வந்தான். அன்று அம்மாவும் என் அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளில் என் பழைய கூச்சம் தெரிந்தது. மகனை வெளியே அனுப்பினேன்.

"ஆத்தா, சீழெல்லாம் வராது. ஒங்களுக்கு ஆசையா? ஆசைன்னாத் தைக்கிறேன்."

"எனக்கு எதுக்குய்யா? மகன் வெக்கப்படுறான். அதான் வந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டே தண்டட்டியோடு வீட்டுக்குப் போனாள். அறையில் அம்மாவும் நானும் மட்டும்...

"அப்ப எனக்கும் சீழ் வச்சிருக்காதாய்யா?"

"வச்சிருக்காதும்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்! "வெளிய ஆளுக காத்துக் கெடக்காக. கூப்புடு" என்றாள்.

அன்றிலிருந்து யாராக இருந்தாலும் முதலில் கேட்கிறேன். வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. தைத்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரிப்பவர்கள்தான் அதிகம். அந்தச் சிரிப்பில் என் பொய் இல்லை. இந்தத் தொழிலை இனி நேராகச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

அம்மா இப்போதும் வந்து மூலையில் உட்காருகிறாள். "ஒங்களுக்கு ஆசையா?" என்று நான் யாரைக் கேட்டாலும், அவள் விரல் கம்மலைத் தொட்டுப் பார்க்கிறது.

அவளிடம் மட்டும்தான் நான் அதைக் கேட்கவில்லை...