மாரிகுப்பம் போய்ப் பெங்களூர் போனவர்கள்

போன வாரம் பங்காருபேட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், "மேடம், எங்கிருந்து வரீங்க, எங்க போறீங்க? புது பஸ் ரூட்டுக்கு சர்வே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவள் மிரண்டுபோய்ப் பக்கத்து ஆளிடம் நகர்ந்துவிட்டாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, இதே கேள்வியைக் கேட்காமலே ஓர் ஊரையே குழப்பியவள் நான்.

அப்போது டேப்லெட் ஏது? கிளிப் வைத்த அட்டை, ஒரு படிவம், பென்சில். புதிதாகச் சீவிய பென்சிலின் மர வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு எங்கள் ஊரிகம் ஸ்டேஷன்தான். தங்கச் சுரங்கம் மூடி, ஊரே வேலை தேடிப் பெங்களூர் போகத் தொடங்கியிருந்த காலம். வழியெல்லாம் புது வீடுகள். இந்தத் தடத்துக்கு எத்தனை ரயில், எத்தனை பஸ் வேண்டும் என்று திட்டம் போட ஒரு கம்பெனி வந்தது. படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை ஆள் எண்ண வைத்தார்கள். கம்பெனி சார் சொன்னது ஒன்றுதான்: "கண்ணால பாக்கிறத மட்டும் எழுதும்மா. யோசிக்காத." யோசிக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

விடிகாலை வண்டி பங்காருபேட்டையிலிருந்து காலியாக வரும். ஊரிகத்தில் நின்று, கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம் போய், திரும்பி, மறுபடி ஊரிகம் வழியாகவே பெங்களூர் போகும். திரும்பும்போது உட்கார இடமிருக்காது. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே எதிர்த்திசையில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, மாரிகுப்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பெங்களூர் போவார்கள். வேலைக்குப் போவதென்றால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவது என்று மூன்று தலைமுறை பழகிய ஊர். பின்னால் போய் முன்னால் போவது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை.

கண்ணால் பார்த்ததை எழுதினேன். மாரிகுப்பம் பக்கம் ஏறியவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கோடு. பெங்களூர் பக்கம் ஏறியவர் ஒரே ஒருவர், மெர்சி அக்கா. அவர் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு ஓடிவந்தால் திரும்பும் வண்டிதான் கிடைக்கும். பெங்களூர் தையல் கம்பெனி வரைக்கும் நின்றுகொண்டே போவார்.

அறிக்கை வந்தது. ஊரிகத்து மக்கள் தினமும் காலையில் திரளாக மாரிகுப்பத்துக்கு வேலைக்குப் போகிறார்களாம். மூடிய சுரங்கமும் மண்மேடும் மட்டும் இருக்கிற இடத்துக்கு! ஆகவே மாரிகுப்பத்துக்குக் கூடுதல் பஸ் விடலாம். திரும்பும் வண்டியில் ஊரிகத்தில் ஆளே ஏறாததால் அந்த நிறுத்தத்தை எடுத்துவிடலாம்.

"இன்னாடி எழுதி வச்சிக்கீற?" என்று மெர்சி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "அது நிக்கலன்னா நான் முன்னாடியே வந்து ஏறணும். அந்த மனுசனுக்கு யாரு கஞ்சி ஊத்துவாங்க? நீ வந்து ஊத்துவியா? இல்ல, வேலைய விட்டுட்டு குந்திக்கினு இருக்கவா?"

எனக்கு அவமானமாக இருந்தது. சாரிடம் போய்க் கெஞ்சினேன். திங்கட்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் அறிவித்தார்கள், மாரியம்மன் கோயிலிலும் சொன்னார்கள்: திங்கட்கிழமை யாரும் முன்னாடி ஏறக் கூடாது. வண்டியில் ரம்மி ஆடும் பெட்டியின் தலைவர் சௌந்தர் அண்ணன், கர்த்தர்மேல் ஆணை என்றார்.

திங்கட்கிழமை காலி வண்டி வந்து நின்றது. ஜன்னலோரம் எல்லாம் காலி. சார் என் பக்கத்தில். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. முதலில் ஏறியவர் சௌந்தர் அண்ணன். "கர்ச்சீப் மட்டும் போட்டுட்டு எறங்கிடறேம்மா" என்றார். அவர் பின்னால் எல்லோரும் ஏறினார்கள், வண்டியும் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தபோது பிளாட்பாரத்தில் மெர்சி அக்கா மட்டும் மூச்சிரைக்க நின்றிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்டி பெட்டியாகத் திபுதிபுவென்று இறங்கினார்கள். சீட்டில் கர்ச்சீப், டிபன் பை, யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு. "இப்ப எண்ணிக்கோ சார்!" என்று கத்திக்கொண்டே மறுபடி ஏறினார்கள். நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

ஊரிகம் மிக முக்கியமான மாறுமிடம், வருகிற பயணிகள் அனைவரும் இங்கேதான் வண்டி மாறுகிறார்கள் என்று இறுதி அறிக்கை சொன்னது. எந்த வண்டிக்கு மாறுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய காத்திருப்பு அறைகூடப் பரிந்துரைத்தார்கள். அது வரவில்லை. ஆனால் நிறுத்தம் பிழைத்தது, அக்காவின் வேலையும்.

பிறகு எனக்கும் பெங்களூரில் வேலை கிடைத்து, அந்த எதிர்த்திசைக் கூட்டத்தில் சேர்ந்தேன். இன்று அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. பாதிப் பேர் பெங்களூரிலேயே ஒயிட்ஃபீல்டு பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். ரம்மிப் பெட்டியில் ஆளுக்கொரு போன். எனக்கு என்னவோ, அந்தக் காலம் அதற்கும் முன்னாலேயே, ஒரு காலையில் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மாரிகுப்பம் போகும் காலி வண்டியில் எங்களோடு மெர்சி அக்காவும் ஏறினார். புருஷனை அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தேன். "இனிமே எனக்கு நேரம் கீதுடி" என்றார். மாரிகுப்பம் போய்த் திரும்பினோம். ஊரிகத்தில் வண்டி நின்றது. யாரும் ஏறவில்லை.