துலா விழுந்த நாள்

அன்றைக்குக் கிணற்றடியில் நின்றவர்களைச் சொல்கிறேன். கிணற்று ஏற்றமான துலாவை மிதித்த என் அண்ணை. தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்த மாமா. அவர் அம்மாவின் தம்பி; கிணற்றில் பாதிப் பங்கு அவருடையது. விதானையார். ஊர்த் தலைமைக்காரரான அவர் கூட்டிவந்த வெள்ளைக்காரத் துரை. துரை சொல்வதைத் தமிழில் சொல்ல வந்த கிளாக்கர். வாய்க்காலில் மண்வெட்டியோடு நான்.

தோட்டம் மயிலிட்டிக்குத் தெற்கே. செம்மண். கிணற்றுக்கு ஒரு பக்கம் மாமாவின் புகையிலை, மறுபக்கம் எங்களுடையது. மூன்று நாள் ஊற்று நிரம்ப விட்டு, பிறகு ஆளுக்கொரு நாள் முறை வைத்து இறைப்போம். அவர் முறைக்கு நாங்கள் போவோம், எங்கள் முறைக்கு அவர் வருவார். துலாவில் ஏறி நடக்க ஒருவர், பட்டையைக் கவிழ்க்க ஒருவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர் வேண்டும். என் வீட்டுக்காரர் இங்கே இல்லாததால் தண்ணீர் மாறுவது நான்.

அவருக்கு மலாயாவில் றெயில்வேயில் வேலை. ஜப்பான்காரர் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு கடிதம் நின்றது. மணியோடரும் நின்றது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்தப் புகையிலை தேறினால்தான் சாப்பாடு. அது எனக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

அந்த நாட்களில் ஒருவராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லொறிச் சத்தம் கேட்டால் எழும்புவோம். மேகம் இரைந்தாலும் அண்ணாந்து பார்ப்போம். எங்கள் வடக்கு வேலிக்கு அப்பால் பனைகளைத் தறித்து, நிலத்தை மட்டமாக்கி, பிளேன் இறங்க இடம் செய்துகொண்டிருந்தார்கள். செம்புழுதி புகையிலை இலையில் படிந்தது. துடைத்தால் மறுபடி படிந்தது.

துரை துலாவை அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார்.

கிளாக்கர் சொன்னார்: "பொழுதுபட முன்னம் உந்தத் துலாவையும் துலாக்காலையும் விழுத்தவேணுமாம். நாளைக்குக் காலமை பிளேன் இறங்குமாம். வாற வழியிலை உயரமாய் ஒண்டும் நிக்கக்கூடாதாம்."

அண்ணை துலாவில் நின்றபடியே கேட்டார். "ஆரின்ரை பிளேன்?"

"அரசாங்கத்தின்ரை."

"அப்ப சுத்திப் போகச் சொல்லுங்கோ."

"கீழை இறங்கிக் கதை, தம்பி," என்றார் விதானையார்.

துரை குனிந்து ஒரு தடியால் மண்ணில் கீறினார். இது சிங்கப்பூர். இது ரங்கூன். இது திருகோணமலை. கடைசிப் புள்ளி எங்கள் கிணற்றடி. விதானையார் விளக்கினார்: "திருகோணமலையிலை கப்பல் நிக்குது. அதை அடிக்க ஜப்பான்காரன் வருவான். இஞ்சையிருந்து எழும்பிப் போய் மறிக்கிறதுதான் திட்டம்."

"இஞ்சை வந்து அவன் என்ன செய்யப் போறான்? புகையிலை கட்டவோ?" என்றார் மாமா. வேலியில் கொழுவியிருந்த தன் குடையை எடுத்து விரித்தார். இரண்டு கம்பி வெளியே நின்றது. "இது ஜப்பான் குடை. மலிவெண்டு வாங்கினது. ஒரு சோளகக் காத்துக்குத் தாங்கேல்லை. உவன்ரை கப்பல் இவ்வளவு கடல் தாண்டி வருமோ?"

"மாமா, உந்தக் குடைதான் சிங்கப்பூரைப் பிடிச்சது," என்றார் அண்ணை.

விதானையார் சிரித்துவிட்டார். என்ன பேச்சென்று துரை கேட்டார் போலும். கிளாக்கர் இரண்டு சொல்லில் ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

"என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டேன்.

"சம்மதமெண்டு," என்றார் அண்ணை.

அன்றைக்கு மாமாவின் முறை. எங்கள் பக்கம் தண்ணீர் கண்டு நாலு நாள். இலை மடிந்து தொங்கியது. விடிந்தால் எங்கள் முறை. விடியும்போது துலா இராது.

அண்ணை கேட்டார். "மாமா, இண்டைக்குப் பாதியை எங்கடை பக்கம் விடுவமே?"

"முறை முறைதான். இண்டைக்கு என்ரை முறை, நாளைக்கு உங்கடை முறை."

"நாளைக்குத் துலா?"

"உவங்கள் ரெண்டு நாள் துள்ளுவாங்கள். பிறகு துலாவைத் திருப்பி நிறுத்துவம்."

அண்ணை துலாவில் ஏறினார். நான் மாமாவின் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினேன். துரை கீறிய இடத்தில் வாய்க்கால் கசிந்தது. சிங்கப்பூர் கரைந்தது. எங்கள் பக்க வரம்பு என் காலடியில். ஒரு கொத்துக் கொத்தினால் தண்ணீர் இந்தப் பக்கம் வரும். மாமா குனிந்து பட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தேன். கொத்தவில்லை.

அவருடைய கடைசிப் பாத்தி நிறைய முன்பே கோடாலிக்காரர் வந்தார்கள். அண்ணையை இறங்கச் சொன்னார்கள். துலாவைத் தாங்கிய துலாக்கால் பூவரசு. பச்சை மரம், வெட்ட நேரம் எடுத்தது. துலா மாமாவின் புகையிலைக்கு மேலேயே விழுந்தது. அதைத் துண்டு துண்டாய்த் தறித்து வண்டியில் ஏற்றினார்கள். அப்போதுதான் மாமாவின் முகம் மாறியது. இரண்டு நாளில் திருப்பி நிறுத்த அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

காலமை நாங்கள் போனபோது அவர் முன்பே அங்கே நின்றார். கையில் கயிறும் வாளியும்.

"என்ன மாமா?" என்றார் அண்ணை.

"உங்கடை முறையல்லோ."

இருவரும் மாறி மாறிக் கையால் இழுத்தார்கள். நான் குடத்தில் ஏந்திக் கன்று கன்றாய் ஊற்றினேன். கையால் இறைக்கிற தண்ணீர் தோட்டத்துக்குப் போதாது. எதற்கு ஊற்றுவது, எதை விடுவது என்று பார்த்தே ஊற்றவேண்டியிருந்தது. தலைக்கு மேலே பிளேன் இறங்கியது. மாமா நிமிரவில்லை. மூவரும் புழுதியில் சிவந்து போனோம்.

அதன் பிறகு எல்லா முறையும் அப்படித்தான். மாமாவின் முறையிலும் நாங்கள் போய் இழுத்தோம். அவர் உள்ளங்கை வெடித்துச் சீலைத்துணி சுற்றியிருந்தார். ஒரு முறையும் தவறவில்லை. திருகோணமலையில் குண்டு விழுந்த செய்தி வந்த அன்றும் வந்தார். குடையைப் பற்றி அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மலாயாவிலிருந்து கடிதமும் வரவில்லை.

எங்கள் பக்கம் நட்டது இரண்டாயிரம் கன்று. வெட்டும்போது நான்தான் எண்ணினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு.