கோழி வாங்க வந்த மேனேஜர்

ராணிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோல் கம்பெனியின் மேனேஜர், இன்று நாட்டுக்கோழி வாங்க வந்தார். வீட்டில் விருந்தாம்.

"மேய விட்டு வளத்த கோழிதானமா?"

"ஆமா சார்." மிச்சமிருந்த ஒரே பெட்டையைப் பிடித்துக் கொடுத்தேன்.

கோழி வாங்குகிற எல்லாரையும் போல நெஞ்சு இறகை ஊதிப் பார்த்தார். தோலெல்லாம் புண்.

"இன்னாமா இது?"

"உங்க கம்பெனி கால்வாய்லதான் சார் தண்ணி குடிக்குது. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. அந்தத் தண்ணியில ஒண்ணுமில்லன்னு போன மாசம் நீங்கதான சொன்னீங்க?"

கோழியைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

கால்வாயைக் காட்டினேன்.

இரண்டு கையையும் உடம்பில் படாமல் நீட்டியபடியே காருக்குப் போனார். டிரைவர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

வீடு தேடி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதது தப்பு என்பவர்கள் நேரில் வந்து திட்டலாம். உங்களுக்கும் அதே கால்வாய்தான்.